மனசுக்கு எத்தனை பாயிண்ட்?

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சின்னசேலம் பக்கம் மரவள்ளி போட்ட யாருக்கும் பாயிண்ட் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிழங்கு ஏற்றிய லாரி சேகோ பேக்டரி வாசலில் வந்து நிற்கும். மொத்தச் சுமையின் கனத்தை எடைமேடை சொல்லிவிடும். ஆனால் விலை அதோடு முடிவதில்லை. கிழங்குக்குள் எவ்வளவு மாவு இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். சுமையிலிருந்து சில கிலோ கிழங்கை உருவி, மண்ணைத் தட்டி, வெளியில் ஒரு தடவையும் தண்ணீரில் அமிழ்த்தி ஒரு தடவையும் எடை போடுவார்கள். மாவு மிகுந்த கிழங்குக்கு அடர்த்தி அதிகம், தண்ணீருக்குள்ளும் அது கனக்கும். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டுபிடித்ததாகப் பள்ளிப் பாடத்தில் வரும் அதே சங்கதிதான். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து பாயிண்ட் வருகிறது. பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்பது பேச்சு. 28 வர வேண்டிய இடத்தில் 26 வந்தால் அடி அந்தச் சில கிலோவுக்கு மட்டும் விழாது, லாரி முழுமைக்கும் விழும்.

அந்த நேரத்தில் விவசாயியின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். முதலில் தராசுப் பக்கம் போகாது. கிழங்கை உருவுகிற கைமேல்தான் இருக்கும். மேலாக எடுக்கிறானா, அடியில் கை விடுகிறானா, வெயிலில் வாடியதை மட்டும் பொறுக்குகிறானா? அது முடிந்த பிறகுதான் கண் தராசுக்குத் தாவும். அப்புறம் முள்ளைப் படித்துச் சொல்கிறவரின் முகத்துக்கு. எழுத்து வாசனை இல்லாத விவசாயியாக இருந்தாலும் புள்ளியியல் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தரும் மூன்று கேள்விகளை அவர் வரிசை மாறாமல் கேட்டுவிட்டார். மாதிரி எங்கிருந்து எடுத்தாய்? உன் கருவி சரியா? படிக்கிறவன் யார் ஆள்?

கிழங்குக்குள் மாவு இருப்பது ஒரு விஷயம். பாயிண்ட் சொல்கிற ஆலையை விவசாயி நம்புகிறாரா என்பது வேறு விஷயம். முதலாவதை அளக்கத் தண்ணீர்த் தொட்டி போதும். இரண்டாவதை எதில் அமிழ்த்துவது? காவல் நிலையம், தாலுகா ஆபீஸ், நீதிமன்றம், தேர்தல் ஆணையம், அரசு ஆஸ்பத்திரி இவற்றின்மேல் மக்களுக்கு நம்பிக்கை உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று எண்ணால் சொல்லும் ஒரு துறை உலகமெங்கும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே நொண்டுகின்றன என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் வார்த்தையைப் பார்த்துவிடலாம். நம்பிக்கை என்ற தமிழ்ச் சொல் ஒரு கூட்டுக் குடும்பம். கடவுள் நம்பிக்கையும் அதுதான், மூடநம்பிக்கையும் அதுதான். பரீட்சையில் தேறிவிடுவேன் என்பதும் நம்பிக்கை, கடன் வாங்கியவன் திருப்பித் தருவான் என்பதும் நம்பிக்கை. சட்டமன்றத்தில் அரசு கோருவதும் நம்பிக்கை வாக்குதான். ஆங்கிலத்தில் நாலைந்து சொற்களாகப் பிரிந்து கிடப்பவை இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியில் தயாரான கேள்வித்தாளைத் தமிழாக்குகிறவர் எல்லாவற்றுக்கும் 'நம்பிக்கை' என்று போட்டுவிடுவார். 'நீதிமன்றத்தின்மேல் நம்பிக்கை இருக்கிறதா' என்று கேட்டால், 'நேர்மையாகத் தீர்ப்பு சொல்லும்' என்று ஒருவர் புரிந்துகொள்வார். 'என்றைக்காவது நல்லது நடக்கும்' என்று இன்னொருவர் புரிந்துகொள்வார். இரண்டு பேருக்கும் கட்டம் ஒன்றே.

ஆனால் இன்னொரு இடத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. பிரிட்டனின் தத்துவப் பேராசிரியர் ஓனோரா ஓ'நீல் 2002-ல் பி.பி.சி.யின் ரீத் உரைகளை இந்தப் பொருளில்தான் நிகழ்த்தினார். நம்பிக்கை குறைந்துவிட்டது, அதைக் கூட்ட வேண்டும் என்று எல்லோரும் அங்கலாய்க்கிறார்கள். நம்பத் தகுந்தவர்களை நம்புவதும் தகாதவர்களை நம்பாமல் இருப்பதும்தானே காரியம் என்பது அவர் வாதத்தின் சாரம். ஆங்கிலத்தில் ஒரே வேர்ச்சொல்லை இரண்டாகப் பிரித்து அவர் சிரமப்பட்டு விளக்கியதற்கு நம்மிடம் தனித்தனியாக இரண்டு சொற்கள் ஏற்கெனவே உண்டு. ஒன்று நம்பிக்கை, இன்னொன்று நாணயம். நம்பிக்கை என்னிடம் இருப்பது, நாணயம் எதிராளியிடம் இருப்பது. 'நாணயமான ஆளு' என்று சந்தையில் சொல்வார்களே, அந்த நாணயம். கருத்துக்கணிப்பு நம்பிக்கையை அளக்கிறது. நாணயத்தை அது தொடுவதே இல்லை.

இரண்டும் பிரிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2024 ஜூன் 18, 19 தேதிகளில் கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. எத்தனாலையும் மெத்தனாலையும் நாக்கு பிரித்தறியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகுதான் கண்ணும் மூளையும் வித்தியாசத்தைச் சொல்லும். பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறவர் எந்தச் சோதனையும் செய்வதில்லை. 'நேத்து குடிச்சோம், ஒண்ணும் ஆகல' என்பதுதான் அவர் கையிலிருக்கும் தரச்சான்று. ஜூன் 17-ஆம் தேதி மாலை அந்தத் தெருவில் ஒருவர் கேள்வித்தாளோடு போய், விற்கிறவர்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டிருந்தால் எண் நன்றாகவே வந்திருக்கும். உயர்ந்த எண்ணைக் கண்டதும் கைதட்டத் தோன்றும்போதெல்லாம் அந்த மாலையை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். அமெரிக்காவில் தேசியத் தேர்தல் ஆய்வுக்காரர்கள் 1958-ல் ஒரு கேள்வி கேட்டார்கள். வாஷிங்டனில் இருக்கிற அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்? எப்போதுமே அல்லது பெரும்பாலும் என்று சொன்னவர்கள் 73 சதவீதம். 1964-ல் அது 77-க்கு ஏறியது. அப்புறம் வியட்நாம், வாட்டர்கேட் என்று வரிசையாக அடிவாங்கி, இன்று 20-ஐ ஒட்டிக் கிடக்கிறது. அந்தக் கேள்வி அருமையான கேள்வி என்று யாரும் சொல்வதில்லை. அதன் ஒரே பெருமை, கேட்ட வார்த்தையை மாற்றாமல் திரும்பத் திரும்பக் கேட்டதுதான். வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைக் கோடு போட்டு வைப்பது போல. சுவர் சற்றே சாய்ந்திருந்தாலும் பிள்ளை வளர்ந்தது தெரிந்துவிடும், சுவரை இடித்துக் கட்டாதவரை.

நம் நாட்டில் இந்தச் சுவரை வைத்திருப்பது முக்கியமாக டெல்லியின் சி.எஸ்.டி.எஸ். ரஜனி கோத்தாரி 1963-ல் தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம். 1967 தேர்தலிலேயே வாக்காளர்களிடம் போய்க் கேட்கத் தொடங்கினார்கள். 1996-க்குப் பிறகு அதன் லோக்நீதி பிரிவு ஒவ்வொரு மக்களவைத் தேர்தலையும் ஒட்டிக் கேட்டுவருகிறது. ரொம்ப நம்பிக்கை, ஓரளவு, அவ்வளவாக இல்லை, சுத்தமாக இல்லை என்று நான்கு கட்டங்கள். கூடவே சத்தமில்லாமல் ஐந்தாவதாக ஒன்று, பதில் இல்லை. இந்த ஐந்தாவது கட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் விஷயம் இருக்கிறது.

யாரைக் கேட்பது? சந்தை வாசலில் நின்று கண்ணில் படுகிறவரைக் கேட்டால் அது லாரியின் மேல்வரிசைக் கிழங்கு. லோக்நீதிக்காரர்கள் தொகுதிகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுத்து, அதற்குள் வாக்குச்சாவடிகளை எடுத்து, வாக்காளர் பட்டியலில் இத்தனையாவது பெயர் என்று எண்ணி எடுத்து, அந்த ஆளையே தேடிப் போவார்கள். அவர் கரும்பு வெட்டப் போயிருந்தால் திரும்பப் போக வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு ஒப்பேற்றக் கூடாது. இந்த ஒழுங்கெல்லாம் இந்தியாவுக்கு இறக்குமதி ஆனதும் அல்ல. புள்ளியியலாளர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1937-ல் வங்காளத்தில் சணல் விளைச்சலைக் கணக்கிடப் போனபோது வயல்களைப் பொறுக்கி எடுத்து அளந்த வேலையிலிருந்து வளர்ந்த மரபு இங்கே வேரூன்றியது. 1950-ல் பிறந்த தேசிய மாதிரி ஆய்வு அதன் பிள்ளை. சணலை எண்ணிய கைதான் மனசை எண்ணவும் பழகியது.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதில் பொதுவாக மக்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'எட்டுக் கோடிப் பேர் இருக்கோம், ஆயிரம் பேரைக் கேட்டா ஆச்சா?' பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று பழமொழி வைத்திருக்கிற நாம் இதைக் கேட்கக் கூடாது. கணக்கு எளியது. கேட்ட ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 100 பேரைக் கேட்டால் பத்து சதவீதம் இப்படியும் அப்படியும் ஆடும், 400 பேர் என்றால் ஐந்து, 1,600 பேர் என்றால் இரண்டரை. மொத்த மக்கள்தொகை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பானை பெரிதோ சிறிதோ, நன்றாகக் கிளறியிருந்தால் சரி. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நாடு முழுக்க 10,000 பேரைக் கேட்ட ஆய்வில் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு விழுவது ஒன்றிரண்டு வாக்குச்சாவடி, அல்லது ஒன்றுமில்லை. இந்தியாவின் நம்பிக்கை என்று வருகிற எண்ணில் சின்னசேலம் இருக்கிறதா என்று தேடாதீர்கள்.

எடெல்மன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் நம்பிக்கைமானியில் 2024-ல் சீனா 79 புள்ளியோடு முதலிடம், இந்தியா 76-ஓடு அடுத்த இடம், பிரிட்டன் 39-ஓடு கடைசி. பத்திரிகைகள் இதைப் பெருமையாகப் போட்டன. அது இணையம் வழியாக நடத்துகிற கணிப்பு. இணையத்தில் உட்கார்ந்து நீளமான கேள்விப் பட்டியலை நிரப்புகிற இந்தியர் யார் என்று யோசித்தால் இது லாரியின் எந்த அடுக்கு என்பது புரிந்துவிடும்.

சரி, ஆளைச் சரியாகவே பிடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு திண்ணை. கல்லூரி முடித்த பெண் ஒருத்தி கையில் டேப்லட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் புளி தட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆயா, போலீசு மேல உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கு? ரொம்ப இருக்கா, ஓரளவா, அவ்வளவா இல்லையா, சுத்தமா இல்லையா?"

"நீ எங்கிருந்து வர பாப்பா? உரிமைத் தொகைக்கு எழுதுறியா?"

"இல்ல ஆயா, இது வேற. ஆராய்ச்சிக்கு."

"என் பேரு உட்டுப்போச்சு பாப்பா. பக்கத்தூட்டுக்காரிக்கு மாசாமாசம் ஆயிரம் ஏறுது."

"சரி ஆயா. போலீசு?"

"அவுங்க நல்லவங்கதான். எங்களுக்கு என்ன வந்துச்சு?"

டேப்லட்டில் 'ரொம்ப' என்று விழுமா, 'ஓரளவு' என்று விழுமா? எதில் விழுந்தாலும் அது பொய். அந்தப் பதில் காவல்துறையைப் பற்றியதே இல்லை. அரசின் உரிமைத் தொகையில் விட்டுப்போன ஆயிரம் ரூபாயைப் பற்றியது. தன் பெயரை எழுதிக்கொள்ள வந்தவளிடம் அரசாங்கத்தைக் குறை சொல்வானேன் என்கிற நிதானத்தைப் பற்றியது. இது நம்மூர்ச் சிக்கல் மட்டுமல்ல. ஆப்பிரிக்க நாடுகளில் நடக்கும் ஆஃப்ரோபாரோமீட்டர் ஆய்வில் கடைசியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: 'எங்களை அனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்?' நாங்கள் தனி ஆய்வாளர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தும், கணிசமானோர் 'அரசாங்கம்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படி நினைத்தவர்களையும் நினைக்காதவர்களையும் தனியாகப் பிரித்துப் பார்த்தால், முன்னவர்கள் ஆட்சியை அதிகமாகப் புகழ்ந்திருப்பது தெரிகிறது, அதுவும் அடக்குமுறை மிகுந்த நாடுகளில். இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். மற்ற கேள்விகள் ஆளை அளக்கின்றன. இது அளவுகோலையே அளக்கிறது.

நானே இதில் அகப்பட்டிருக்கிறேன். ஒரு வங்கிக் கிளையில் வேலை முடிந்து எழுந்தபோது, இழுத்தடித்த அதே ஊழியர் டேப்லட்டை நீட்டி, "சார், அந்தப் பச்சை மூஞ்சியைத் தொடுங்க" என்றார். தொட்டேன். வேறென்ன செய்ய? அந்தக் கிளையின் வாடிக்கையாளர் திருப்தியில் என் பங்கும் இருக்கிறது.

இப்போது அந்த ஐந்தாவது கட்டம். 2019-ல் தேர்தல் ஆணையத்தின்மேல் மிகுந்த நம்பிக்கை உண்டு என்று லோக்நீதியிடம் சொன்னவர்கள் 51 சதவீதம். 2024 தேர்தலுக்கு முன் 19 மாநிலங்களில் ஏறத்தாழ 10,000 பேரைக் கேட்டபோது அது 28. இந்த வீழ்ச்சி அந்தக் கோடையில் பெரிய செய்தியானது. ஓரளவு நம்பிக்கை என்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் 78-லிருந்து 58-க்கு இறக்கம். 'பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் நம்புகிறார்கள்' என்று தலைப்புப் போடலாம், 'மிகுந்த நம்பிக்கை ஏறத்தாழப் பாதியானது' என்றும் போடலாம். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் இரண்டு தலைப்பும் தாண்டிப் போகிற இடம், பதில் சொல்லாதவர்களின் கட்டம். ஒரு நிறுவனத்தைப் பற்றி முன்பு 'ஓ, நம்புறேன்' என்றவர், நேரே 'நம்பல' என்ற கட்டத்துக்குத் தாவுவதில்லை. நடுவே 'அதெல்லாம் நமக்கெதுக்குங்க' என்ற திண்ணையில் கொஞ்ச நாள் உட்காருவார். 'தெரியாது' என்பதில் அறியாமையும் இருக்கலாம், எச்சரிக்கையும் இருக்கலாம். பெண்களிடமும் ஏழைகளிடமும் இந்தக் கட்டம் பெருத்துவிட்டால் அதைக் கழித்துவிட்டு மீதியை நூறாக்குகிற ஆய்வாளர், அடிவரிசைக் கிழங்கை எறிந்துவிட்டுப் பாயிண்ட் பார்க்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தேர்தல் முடிந்ததும் கேட்டால் ஜெயித்த கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு எல்லா நிறுவனமும் நல்லதாகத் தெரியும், தோற்றவர்களுக்குக் கசக்கும். நாடு நாடாகப் பார்த்துவிட்டார்கள், எங்கும் இப்படித்தான். எனவே எந்த மாதத்தில் கேட்டது என்று பார்க்காமல் இரண்டு ஆண்டுகளின் எண்ணைப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

தூரத்தின் சங்கதிக்கு வருகிறேன். என் பார்வையில் இந்தத் துறையின் மையமே இதுதான். காமன் காஸ் அமைப்பும் லோக்நீதியும் 2018-ல் வெளியிட்ட காவல்துறை நிலை அறிக்கைக்காக 22 மாநிலங்களில் கேட்டார்கள். ராணுவத்தின்மேல் மிகுந்த நம்பிக்கை என்றவர்கள் 54 சதவீதம், காவல்துறையின்மேல் 25-க்கும் குறைவு. ராணுவம் நாணயமானது, காவல்துறை அப்படியில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா? அவசரப்படக் கூடாது. சின்னசேலத்துக்காரர் வாழ்நாளில் ராணுவத்திடம் ஒரு காரியமாகப் போயிருக்க மாட்டார். பைக் காணாமல் போனால் புகார் வாங்காமல் அலைக்கழிப்பது, வழிமறித்து ஆர்.சி. புத்தகம் கேட்பது, பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வருவது எல்லாம் காவல்துறை. ஒன்றைப் படத்தில் பார்க்கிறோம், மற்றொன்றை வாசலில் பார்க்கிறோம். நம்பிக்கை எண்ணில் பாதி, நிறுவனம் நம் வாசலிலிருந்து எத்தனை மைல் என்பதன் கணக்கு.

மலை தூரத்தில் பச்சை என்பது எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை. சீனக் கிராமங்களில் பெய்ஜிங்மேல் நம்பிக்கை உச்சத்தில் இருக்கும், கீழே இறங்க இறங்கக் குறைந்து உள்ளூர் அதிகாரியிடம் வந்து தரைதட்டும். அமெரிக்காவில் தலைகீழ். ஊராட்சிமேல் நம்பிக்கை அதிகம், வாஷிங்டன்மேல் குறைவு. நாம் எந்தப் பக்கம்?

2022 ஜூலையில் சின்னசேலத்தை ஒட்டிய கனியாமூரில் பள்ளி மாணவி ஒருவர் இறந்ததையும், 17-ஆம் தேதி போராட்டம் கலவரமாகி வாகனங்கள் எரிந்ததையும் தமிழ்நாடே பார்த்தது. அந்த நாட்களின் நிகழ்ச்சி வரிசையை ஒரு நம்பிக்கைமானி போலப் படித்துப் பாருங்கள். உள்ளூர்க் காவல்துறை விசாரணை போதாது என்றார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. முதல் உடற்கூறாய்வை ஏற்கப் பெற்றோருக்கு மனமில்லை, சென்னை உயர் நீதிமன்றம் மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது. அதிலும் தங்கள் தரப்பு மருத்துவர் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போய் நிராகரிக்கப்பட்டது. கடைசியில் இரண்டு அறிக்கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கப் புதுச்சேரி ஜிப்மர் நிபுணர் குழுவிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு படியும் சின்னசேலத்திலிருந்து ஒரு சுற்று வெளியே. ஜிப்மர் மாநில அரசின் கைக்கே எட்டாத இடம். இரண்டு ஆண்டு கழித்துக் கருணாபுரத்திலும் இதே ஏணி. மாநில விசாரணை வேண்டாம், சி.பி.ஐ. வேண்டும் என்ற மனுக்களின்மேல் 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. 'சி.பி.ஐ. விசாரணை வேண்டும்' என்பது தமிழ்நாட்டில் ஒரு கோரிக்கை மட்டுமில்லை, கேள்வித்தாள் இல்லாமலே பதிவாகிற ஒரு பதில்.

தூரம் சுருங்கினால் நம்பிக்கை என்ன ஆகும்? அதற்கும் இந்த ஊர் ஒரு சோதனைக்கூடம். சின்னசேலத்துக்காரருக்குக் கலெக்டர் ஆபீஸ் 1993 வரை கடலூர். தென்னாற்காடு மாவட்டம் பிரிந்தபின் விழுப்புரம். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபின் பஸ் ஏறினால் அரைமணி. மூன்று தலைமுறைக்குள் கலெக்டர் இப்படி நெருங்கி வந்த ஊர்கள் அதிகமில்லை. ஒரே வீடுகளில் 2019-க்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கேட்டு ஒப்பிட்டால் நிர்வாகவியலுக்கு அது பொக்கிஷம். கிட்டே வந்ததால் நம்பிக்கை கூடியதா, கிட்டே வந்து பார்த்ததால் குறைந்ததா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு வரிசையில் நிற்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கலெக்டரை நம்பி வந்தவர், சரி. அதே மனு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் மூன்று பேர்மேலும் நம்பிக்கை போய்விட்டது என்பதற்கும் ரசீதல்லவா? மனுக்களின் எண்ணிக்கை கூடினால் மகிழ்வதா வருந்துவதா என்பதை எண்ணிக்கை சொல்லாது.

மலைக்கு மேலே போனால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது, அதற்குப் பிறகுதான் அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு, 2024 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலைவாழ் மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. பள்ளி, ஆஸ்பத்திரி, சாலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. பஸ்ஸே வராத ஊரில் போக்குவரத்துத் துறைமேல் எவ்வளவு நம்பிக்கை என்று நான்கு கட்டம் நீட்டினால் என்ன பதில் வரும்? எதிர்பார்ப்பு குறைந்த இடத்தில் திருப்தி சீக்கிரம் கிடைத்துவிடும், எண் உயர்ந்துவிடும்.

இந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு வழியை அரசியல் ஆய்வாளர் கேரி கிங் குழுவினர் 2004-ல் காட்டினார்கள். அரசாங்கத்தைச் செயல்பட வைப்பதில் உங்களுக்கு எவ்வளவு சொல்வாக்கு உண்டு என்று சீனாவிலும் மெக்சிகோவிலும் கேட்டார்கள். எழுபது ஆண்டு ஆண்ட கட்சியை ஓட்டுப் போட்டு இறக்கிய மெக்சிகோக்காரர்களைவிடச் சீனர்கள்தான் தங்களுக்கு அதிகச் சொல்வாக்கு என்றார்கள். பிறகு குட்டிக்கதைகளைப் படித்துக் காட்டினார்கள். நல்ல குடிநீர் இல்லாத ஒருவர், ஓட்டும் இல்லாமல், கேட்பாரும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு சகிக்கிறார், இவருக்கு எவ்வளவு சொல்வாக்கு? சீனர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்தக் கதை மனிதருக்குத் தங்களைவிட அதிக மதிப்பெண் போட்டுவிட்டார்கள். 'நிறைய' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு நாட்டிலும் இரண்டு படி அளவு. கதைதான் படியைச் சமன் செய்தது.

நம்மூருக்கு இப்படி ஒன்று எழுதிப் பார்க்கலாம். 'முருகன் அப்பா இறந்தபின் பட்டா மாற்ற எழுதிக் கொடுத்தார். ஐந்து தடவை நடந்தார். ஆறாவது தடவை வேலை முடிந்தது, காசு கேட்கவில்லை. இந்த ஆபீஸை நம்பலாமா?' இதற்கு 'ஓ, தாராளமா' என்று சொல்கிற ஊரும், 'அஞ்சு தடவையா!' என்று திகைக்கிற ஊரும் தங்கள் தாலுகா ஆபீஸுக்குப் போடுகிற மதிப்பெண்ணை அப்படியே ஒப்பிட முடியாது. பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2021-லிருந்து நடத்தும் ஆய்வில், பொத்தாம்பொதுவான நம்பிக்கைக் கேள்வியோடு, 'சேவை சரியில்லை என்று பலர் புகார் கொடுத்தால் சரிசெய்வார்களா' என்று சம்பவமாகவும் கேட்கிறார்கள். மனசைக் கேட்பதைவிட நடப்பைக் கேட்பது மேல் என்பது என் கட்சி.

காசு விஷயம் வந்துவிட்டால் நடப்பையும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஆய்வாளர் ஸ்டான்லி வார்னர் 1965-ல் ஒரு தந்திரம் கண்டார். அதன் எளிய வடிவம் இது. ஆயாவிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து, முந்தானைக்குள் சுண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தலை விழுந்தால் என்ன கேட்டாலும் 'ஆமாம்' என்றே சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மை. கேள்வி: 'பட்டாவுக்குக் காசு கொடுத்தீர்களா?' அவர் 'ஆமாம்' என்றால் அது தலைக்காகவா, தாசில்தார் ஆபீஸுக்காகவா என்று கேட்டவளுக்கே தெரியாது. ஆனால் நூறு பேரில் 65 பேர் 'ஆமாம்' என்றால், ஐம்பது தலை போக, பூ விழுந்த மீதி ஐம்பதில் பதினைந்து உண்மையான ஆமாம். முப்பது சதவீதம். தனி ஆள் மறைந்து ஊர் தெரிகிறது. நாணயத்தைச் சுண்டி நாணயத்தை அளப்பது, தமிழில் சொன்னால் சிலேடையாகிவிடுகிறது. நடைமுறையில் இடிக்கிற இடமும் உண்டு. 'காசு கொடுக்காதவளை ஆமாம்னு சொல்லச் சொல்றியே' என்று ஆயா மறுத்துவிடுவார்.

எனவே அளக்கிறவர்மேலும் ஒரு கண் வைக்க வேண்டும். இதற்கு மகலனோபிஸிடமே மருந்து இருக்கிறது. அவர் ஒரே பகுதிக்கு இரண்டு தனிக் குழுக்களை அனுப்பினார். இவர்கள் எடுத்த வயல் அவர்களுக்குத் தெரியாது, கணக்கும் காட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டு கணக்கும் ஒட்டி வந்தால் நல்லது. ஒட்டாவிட்டால் வித்தியாசம் சணலில் இல்லை, ஆளில் இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வில் மத்திய மாதிரி, மாநில மாதிரி என்று இரண்டாகப் போவதில் அதன் சாயல் இன்றும் உண்டு.

நம்பிக்கையை அளக்க எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தால் சின்னசேலத்தில் இதைத்தான் செய்வேன். வாக்காளர் பட்டியலிலிருந்து 800 பெயர் எடுத்துச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்பேன். பாதிப் பேரிடம் கழுத்தில் அடையாள அட்டை தொங்க, 'கலெக்டர் ஆபீஸிலிருந்து வர்றோம்' என்று அனுமதியோடு ஒரு குழு போகும். மீதிப் பேரிடம் 'காலேஜிலிருந்து வர்றோம்' என்று இன்னொரு குழு. கேள்வி ஒன்று, வார்த்தை ஒன்று, வாரம் ஒன்று. தாலுகா ஆபீஸ்மேல் நம்பிக்கை முதல் குழுவுக்கு எத்தனை வந்தது, இரண்டாம் குழுவுக்கு எத்தனை வந்தது என்று இரண்டு எண்ணையும் எழுதி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பேன். பக்கத்துக்கு 400 பேர்தான் என்பதால் ஏழு புள்ளி வரை வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். அதைத் தாண்டி வந்தால், அந்த வித்தியாசம் பெரும்பாலும் அட்டையைப் பார்த்ததும் ஆயாவின் வாய் மாற்றிச் சொன்னது.